அம்மாவின் கால் ஸ்கேன்: "ரத்தக்கட்டு இல்லை" என்றால் இல்லைதானா?

ஈசூன் மகள் (ஏப்ரல் 2020)
அம்மாவுக்கு 68 வயது. இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுடுகிறது. செவ்வாய்க்கிழமை அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. ஸ்கேன் எடுத்தவர் "டாக்டர் சொல்வார்" என்றதோடு சரி. முகக்கவசம், அதற்கு மேல் தடுப்பு, முகத்தைப் பார்த்தாவது ஊகிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை என்கிறார் அம்மா. சிங்கப்பூரின் கோவிட் முடக்கமான சர்க்யூட் பிரேக்கரால் டாக்டரும் தொலைபேசியில்தான். "கட்டு இல்லை" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். கேட்டு வாங்கிய அறிக்கையில், தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கட்டு இல்லை, "கெண்டைக்கால் சிரைகள் முழுமையாகத் தெரியவில்லை" என்று இருக்கிறது. வீக்கம் வற்றவில்லை. அடுத்த சந்திப்பு ஜூனில். என்ன செய்ய?

கோப்பி ஓ
பெரிதாக ஏதாவது இருந்தால் அவர்களே கூப்பிட்டிருப்பார்கள் அக்கா. கவலைப்படாதீர்கள்.

ஜெல்லும் நானும்
தம்பி, அப்படி விட்டுவிட முடியாது. நான் ஸ்கேன் எடுக்கிற வேலையில்தான் இருக்கிறேன். திரையில் தமனியும் சிரையும் இரண்டு கறுப்பு வட்டங்களாகத் தெரியும். தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபால் அழுத்தினால் சிரை கண்ணை மூடுவது போல மூடிக்கொள்ளும். மூடவில்லையென்றால் உள்ளே கட்டு. தொடையில் இது சுலபம். வீங்கிய கெண்டைக்காலில் சிரைகள் மெல்லியவை, ஆழத்தில் கிடக்கும். அதுவும் இப்போது இரட்டைக் கையுறை, ஆவி படிந்த தடுப்போடு தேட வேண்டும். அதனால் "தெரியவில்லை" என்பதை "இல்லை" என்று படிக்காதீர்கள். எங்களை வாய் திறக்காதவர்கள் என்று திட்டாதீர்கள், அறிக்கையில் கையெழுத்து போடுவது ரேடியாலஜிஸ்ட். அந்த ஒரு வரி தொலைபேசியில் விழுங்கப்பட்டதுதான் தப்பு.

ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு காலையும் தையல் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். அளவையும் அறிக்கையின் அந்த வரியையும் தொலைபேசியில் அப்படியே வாசித்துக் காட்டி, மறு ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். வழக்கமாக ஒரு வாரத்துக்குள் எடுப்பார்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள்.

ஈசூன் மகள்
இடது 36, வலது 32. எண்ணைச் சொன்னதும் எதிர்முனையில் குரலே மாறிவிட்டது! திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

ஈசூன் மகள் (திங்கள் இரவு)
கெண்டைக்காலில் சின்னக் கட்டு இருக்கிறதாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் ஒரே கவலை: கீரை சாப்பிடலாமா? பக்கத்து வீட்டு ஆன்ட்டி கூடவே கூடாது என்று பயமுறுத்திவிட்டார்.

ஜெல்லும் நானும்
ஆன்ட்டி சொல்வது வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறொரு மாத்திரையின் கதை. அதிலும் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, அளவு ஏறி இறங்காமல் இருந்தால் போதும். ரிவராக்சபானுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள்.