ஆரஞ்சுப் பால் காளான்: டெலிசியோசஸா, டெட்டெரிமஸா?

கேள்வி:
வணக்கம். ஊசியிலைக் காட்டில் கிடைத்த ஒரு காளானைக் கீறியபோது கேரட் நிறத்தில் பால் கசிந்தது. குடையின் மேல் ஆங்காங்கே பச்சைத் திட்டுகள் உள்ளன. நான் லாக்டேரியஸ் டெலிசியோசஸ் என்று எண்ணினேன். உடன் வந்தவரோ லாக்டேரியஸ் டெட்டெரிமஸ் என்கிறார். பைன், ஸ்புரூஸ் ஆகிய ஊசியிலை மரங்கள் கலந்து நிற்கும் இடம் அது. எதைக் கொண்டு பிரித்தறிவது?

மறுமொழி 1:
பச்சைத் திட்டை நம்ப வேண்டாம்; காயம் பட்டாலும் முதிர்ந்தாலும் இரண்டுமே பச்சை பூக்கும். புதிதாக ஒரு கீறல் இட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். டெட்டெரிமஸின் பால் சுமார் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் திராட்சை ரசம்போல் கருஞ்சிவப்பாகும். டெலிசியோசஸின் பால் நெடுநேரம் ஆரஞ்சாகவே இருந்து, பின்னர் மெல்லப் பச்சையை நோக்கிச் செல்லும். காம்பையும் பாருங்கள்: டெலிசியோசஸின் காம்பில் விரல் நுனியால் அழுத்தியதுபோன்ற அடர் ஆரஞ்சுக் குழிகள் இருக்கும், மற்றதில் அவை அரிது. கசியும் பால் வெண்மையாக இருந்தால் அது இவ்விரண்டும் அல்ல. கூடையில் போடவே வேண்டாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். டெலிசியோசஸ் பைன் வேர்களோடும் டெட்டெரிமஸ் ஸ்புரூஸ் வேர்களோடும் கூட்டுவாழ்வு நடத்துபவை. ஆயினும் வேர்கள் மண்ணுக்குள் வெகுதூரம் ஓடுவதால், அருகில் நிற்கும் மரமே துணைமரம் என்று கொள்ள முடியாது. பால் சிவந்தாலும் உடனே டெட்டெரிமஸ் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பைனடியில் வளரும் லாக்டேரியஸ் செமிசாங்குயிஃபுளூவஸ் என்ற மற்றொரு இனத்தின் பாலும் சிவக்கும், ஆனால் அது பத்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாது. பெயர்களைப் பொறுத்தவரை, தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் சூட்டிய 'டெலிசியோசஸ்' சுவைமிக்கது என்று பொருள்படும். 1968-இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட மற்றதற்கோ 'மிக மோசமானது' என்று பொருள்படும் பெயர் வாய்த்தது. சற்றே கசப்புடையது என்பது உண்மைதான், ஆனாலும் அந்தப் பெயர் கொஞ்சம் அநியாயம் என்பதே என் கருத்து.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்னொரு காளானை நெடுக்காகப் பிளந்து வைத்தேன். ஐந்தாம் நிமிடத்தில் மாற்றமே இல்லை. இருபதாம் நிமிடத்தில் வெட்டு ஓரங்கள் கருஞ்சிவப்பாகிவிட்டன. காம்பிலும் குழிகள் இல்லை. உடன் வந்தவர் சொன்னதே சரி.