பல்லாவரம் குடும்பக் குழு: ஓடு வர்றதுக்கு முன்னாடி ஒரு கூம்பு

சித்ரா: பெரியப்பா, காலைல பெசன்ட் நகர் பீச்ல பாப்பா பொறுக்கினது 📷 "உலகத்துலயே முதல் கூம்பு இதுதானா?"ன்னு கேட்டுட்டே இருக்கா. எனக்குத் தெரியல.

பெரியப்பா: அருமையா கேட்டிருக்கா! இது கடல் நத்தையோட ஓடும்மா. ஓடு கட்டுற பிராணிங்க வந்ததே சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான். அதுக்கும் முன்னாடி, ஓடே இல்லாம ஒரு கூம்பு இருந்துது. பேரு தெக்டார்டிஸ்.

கார்த்தி: ஓடு இல்லேன்னா அழுகிப் போயிருக்குமே பெரியப்பா? எப்படிக் கல்லுல நின்னுது?

பெரியப்பா: அழுகிப் போச்சுதான். நின்னது அச்சு மட்டும். கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து தீவு, மிஸ்டேக்கன் பாயிண்ட்னு ஒரு கடலோரப் பாறை. அந்தக் காலத்துல அது வெளிச்சமே போகாத ஆழ்கடல் தரை. பிராணிங்க நின்ன இடத்துலயே எரிமலைச் சாம்பல் வந்து மூடிடுச்சு. சாம்பலை வச்சே வயசும் கணக்குப் போட்டுட்டாங்க. 56 கோடி வருஷத்துக்கும் மேல.

அப்பா: அண்ணா, பார்க்க எப்படி இருக்கும்?

பெரியப்பா: பாறையில நீட்டு முக்கோணம். ஓரம் மேடு, நடுவுல பள்ளம். அவ்வளவுதான் தம்பி. வாய், கண், குடல் எதுக்கும் அடையாளம் இல்ல. 200-க்கு மேல கிடைச்சிருக்கு, எல்லாமே அப்படித்தான். 2004-லதான் பேரே வச்சாங்க.

அம்மா: மருதாணி கோன் மாதிரியா?

பெரியப்பா: அதேதான்! கூர்முனை கீழே சேத்துல, அகலமான பக்கம் மேல. நிறைய அச்சு ஒரே திசையில சாஞ்சு கிடக்குது. நிமிர்ந்து நின்னதை நீரோட்டம் சாய்ச்சிருக்கணும்னு அதை வச்சுத்தான் சொல்றாங்க.

கார்த்தி: அப்போ செடியா?

பெரியப்பா: வெளிச்சம் இல்லாத ஆழத்துல செடி எப்படிப்பா வளரும்? கடற்பஞ்சுங்கிற பிராணியா இருக்கலாம்னு 2011-ல ஒரு குழு சொன்னாங்க. கூம்போட நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள கணக்கு, பஞ்சு தண்ணியை உறிஞ்சி வெளியே விடுற முறைக்குப் பொருந்துதாம். ஆனா பஞ்சுக்குள்ள இருக்கிற முள்ளும் இல்ல, துளையும் தெரியல. எல்லாரும் ஒத்துக்கல. என்னைக் கேட்டா, முள்ளைப் பார்க்காம நானும் பஞ்சுன்னு சொல்ல மாட்டேன்.

சித்ரா: பாப்பா கேக்குறா: நம்ம பல்லாவரம் மலையில தேடினா கிடைக்குமா தாத்தா?

பெரியப்பா: கிடைக்காது கண்ணு. நம்ம மலைக்கல்லு சார்னோகைட். சுமார் 250 கோடி வருஷம், அந்தக் கூம்பைவிட நாலு மடங்கு மூத்தது. பூமிக்கு ரொம்ப ஆழத்துல, கடும் சூட்டுல வெந்த கல்லு. அதுல அச்சு எதுவும் தங்காது.

பெரியப்பா: இன்னொண்ணு, இதை எல்லாரும் படிங்க. மிஸ்டேக்கன் பாயிண்ட் அச்சுங்களை 1967-ல முதல்ல கண்டுபிடிச்சது நம்ம நாட்டுக்காரர். சிவ பாலக் மிஸ்ரா, உத்தரப் பிரதேசம், அங்கே படிக்கப் போன மாணவர். பின்னாடி ஊருக்குத் திரும்பி, லக்னோ பக்கம் ஒரு கிராமத்துல பள்ளிக்கூடம் நடத்தினார். நாப்பது வருஷம் கழிச்சு, 2007-ல, அதே பாறையில இருக்கிற இன்னொரு பிராணிக்கு ஃப்ராக்டோஃபூசஸ் மிஸ்ரைன்னு அவர் பேரை வச்சாங்க. காலேஜ்ல வருஷாவருஷம் பசங்களுக்கு இதைச் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைச்சுக்கும்.

கார்த்தி: இது எனக்குத் தெரியவே தெரியாது பெரியப்பா 🙏

அப்பா: இப்போ போய்ப் பார்க்க முடியுமாண்ணா?

பெரியப்பா: முடியும். 2016-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க. வழிகாட்டி கூடத்தான் போகணும், செருப்போட அந்தப் பாறையை மிதிக்கக் கூடாது.

அம்மா: கோயில் மாதிரி.

பெரியப்பா: சித்ரா, சப்பாத்தி மாவு இருக்கா? கெட்டியா தட்டிக்கோ. ஒரு கேரட்டைப் படுக்க வச்சு அமுக்கச் சொல்லு. மெதுவா எடுக்கணும்.

சித்ரா: இருங்க.

சித்ரா: 📷 பெரியப்பா!! நடுவுல பள்ளம், சுத்தி ஓரம் மேடா எழும்பியிருக்கு. நீங்க சொன்ன முக்கோணமேதான்.

சித்ரா: பாப்பா கேரட்டைக் கடிச்சுத் தின்னுட்டா. "தாத்தா, பிராணி போயிடுச்சு, அச்சு இருக்கு"ங்கிறா.

பெரியப்பா: அந்த மாவை யாரும் தொடாதீங்க. வெயில்ல காய வைங்க. ஞாயித்துக்கிழமை லென்ஸோட வர்றேன்.