நித்யாவுக்கு எங்கே வீடு?

நித்யா: செயின்ட் ஹெலன்ஸ் மருத்துவமனையில் வேலை உறுதி 🙏 வீடு ஊருக்குள்ளே பார்க்கவா, நியூட்டன்-லி-வில்லோஸிலா? இன்று ராத்திரிக்குள் சொல்லணும்.

ராஜி சித்தி: ரொம்ப சந்தோஷம்டா. லண்டன் பக்கமா?

நித்யா: இல்லை சித்தி. லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவில்.

சேகர் மாமா: அடடே! நம் கண்ணாடிக் கடைச் சரக்கே அந்த ஊர் முறையில் வருவதுதான். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை ஓடவிடுவார்கள். இரண்டு பக்கமும் தானாக வழவழப்பாகிவிடும், தேய்க்கவே வேண்டாம். 1959இல் அறிவித்தார்கள். 1826இல் தொடங்கிய பில்கிங்டன் கம்பெனி. கண்டுபிடித்த அலஸ்டருக்கும் பில்கிங்டன் என்றே பெயர், ஆனால் முதலாளி குடும்பத்துக்கு உறவில்லை.

பாலா மாமா: உறவே இல்லாதவருக்கு அங்கே இடம். இங்கே கூடப்பிறந்தவனுக்குக் கடையில் பங்கு இல்லை.

விஜி அத்தை: பாலா, எல்லோரும் பார்க்கிற குழு.

பாலா மாமா: பொதுவாகச் சொன்னேன் அண்ணி 😊

சேகர் மாமா: காலடியில் நிலக்கரி, பக்கத்தில் மணல், செஷயரிலிருந்து உப்பு. கரியை ஏற்றிப்போக 1757லேயே சாங்கி கால்வாய். அந்த உப்பிலிருந்து கண்ணாடிக்கு வேண்டிய சோடா உப்பைச் செய்த ஆலைகளின் அமிலப் புகை பயிரையும் மரத்தையும் கருக்கியதால் 1863இல் சட்டமே போட்டார்கள்.

ராஜி சித்தி: புகையா? அவளுக்கு வீசிங் இருக்கே!

நித்யா: சித்தி, அது 160 வருடக் கதை. சுரங்கமெல்லாம் மூடியாச்சு. நியூட்டன் பக்கம் இருந்த பார்க்சைடுகூட 1993லேயே. சட்டன் மேனர் சுரங்க மேட்டில் இப்போது இதுதான் நிற்கிறது. [படம்]

அம்மா: யார் இந்தப் பெண்?

நித்யா: சிலைம்மா. 20 மீட்டர் உயரம்.

விஜி அத்தை: கண்ணை மூடியிருக்கே. திருஷ்டிக்கா?

பாலா மாமா: கண்ணாடி ஆலையின் வெந்நீர் விழுந்த கால்வாயில் வெப்பநாட்டு மீன்கள் வளர்ந்தனவாம். கால்வாயின் அந்தப் பகுதியை ஹாட்டிஸ் என்பார்கள்.

ராஜி சித்தி: குழம்புக்கு ஆகுமா?

நித்யா: சித்தீ 😭 வீடு!! நியூட்டனில் ரயில் இருக்கு, லிவர்பூலுக்கும் போகலாம், மான்செஸ்டருக்கும் போகலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்.

அம்மா: ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸா? வேண்டாம்.

அப்பா: நியூட்டன் நல்லது. மச்சான் என்ன சொல்கிறார்?

சேகர் மாமா: ஊருக்குள்ளே என்றால் கண்ணாடி மியூசியமே இருக்கு.

அப்பா: வாடகையைக் கேட்டேன் மச்சான்.

விஜி அத்தை: அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

நித்யா: நியூட்டன்காரர் முன்பணம் கேட்கிறார். கட்டவா?

அம்மா: இரு, போனில் வருகிறேன்.