சுண்டெலிக்குப் புதினா எண்ணெய் வாசனை ஆகாதுங்கறது நிஜமா?

மொட்டைமாடி:
இரண்டாவது மாடி வாடகை வீடு. சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியில் தினமும் காலையில் புழுக்கை கிடக்கிறது, அரிசி மூட்டையின் ஓரம் கடிபட்டிருக்கிறது. அந்துருண்டை, பஞ்சில் புதினா எண்ணெய், பிளக்கில் மாட்டும் அல்ட்ராசோனிக் கருவி மூன்றும் பார்த்தாச்சு. முதல் 3 நாள் அமைதி, நாலாம் நாள் மறுபடி ஆரம்பம். ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதால் விஷம் வைக்க முடியாது. எலிக்கு உண்மையிலேயே ஆகாதது எது?

பொறிக்காரன்:
முதல்ல வர்றது எதுன்னு பாருங்க. புழுக்கை சீரகம் மாதிரி 3–6 மி.மீ. நீளத்துல, முனை கூரா இருந்தா சுண்டெலி. 12 மி.மீ.க்கு மேல போனா பெரிய எலி. ஈரமா, நாத்தமா, உள்ளே கரப்பான் துண்டு தெரிஞ்சா அது மூஞ்சூறு. எலி இனமே இல்லை, பெரும்பாலும் பூச்சிதான் தின்னும், அரிசி மூட்டையைக் கடிச்சது அதுவா இருக்காது.

புதினா எண்ணெயோட காரம் எலி மூக்குக்கு ஆகாதுதான். ஆனா 2–3 நாள்ல ஆவியாகிப் போயிடும். அதுவும் மூடின சின்ன இழுப்பறைக்குள்ள கொஞ்சம் வேலை செய்யும். திறந்த சமையலறையில கரைஞ்சே போயிடும். கூடும் அரிசியும் ரெண்டும் உள்ளேயே இருந்தா வாசனையைச் சகிச்சுக்கிட்டு வந்துடும். அல்ட்ராசோனிக் ஒலி சுவரையும் அலமாரிக் கதவையும் தாண்டாது. நேரா கேட்டாலும் சில நாள்ல எலிக்குப் பழகிப் போகும். உங்க நாலாம் நாள் கணக்கு அதுதான்.

அந்துருண்டையை இன்னைக்கே எடுத்துடுங்க. குழந்தை மிட்டாய்னு வாயில போட்டுக்கும். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கிற நொதி) குறைபாடு இருக்கிற குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுவே உடையும். பக்கத்துல இருக்கிற அரிசியும் அந்த நாத்தத்தை இழுத்துக்கும்.

கம்பிவலை:
வாசனையைவிட அதுக்கு ஆகாதது வெட்டவெளி. சுண்டெலி சுவரோரமாகத்தான் ஓடும், நடுத்தரைக்கு வர அஞ்சும். அலமாரியில் அடுக்கி வைத்த அட்டைப்பெட்டி, பழைய துணி, கேரி பேக் குவியல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அரிசி, பருப்பெல்லாம் மூடியுள்ள எவர்சில்வர் டின்னுக்குள். பிளாஸ்டிக் டப்பாவைக் குடைந்துவிடும்.

அப்புறம் ஓட்டை. பென்சில் நுழையும் 6 மி.மீ. இடைவெளி அதற்குப் போதும். சிங்க் வடிகுழாய் சுவருக்குள் போகும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வழி அங்கேதான். இரவில் அலமாரி ஓரம் கோலமாவை மெல்லிய பட்டையாகத் தூவுங்கள், காலையில் கால்தடம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். சந்தேகமான ஓட்டையில் பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். 3 ராத்திரி கழித்தும் அசையாமல் இருந்தால் அது பழைய ஓட்டை. தள்ளப்பட்டிருந்தால் அதுதான் வாசல்.

அடைக்க, பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பி நாரை இறுக்கமாகத் திணித்து, மேலே 1 பங்கு சிமென்ட், 3 பங்கு மணல் கலவை. கறுப்பு இரும்பு நார் துருப்பிடித்து உதிரும், வேண்டாம். வெறும் ஃபோமைக் கடித்துத் துப்பிவிடும். வடிகால் துவாரத்துக்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை.

மொட்டைமாடி:
வீட்டுக்காரர் சிமென்ட் பூச விடமாட்டார். கம்பி நாருக்கு மேல் எம்-சீல் போதுமா? பொறிக்கு மசால்வடைதானே?

கம்பிவலை:
குழாயைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு எம்-சீல் போதும். ஈரம் துடைத்து, காய்ந்த பிறகு பூசுங்கள், இல்லாவிட்டால் ஒட்டாது. வாசல் கதவின் அடியையும் விட்டுவிடாதீர்கள். பிரஷ் வைத்த அலுமினியப் பட்டை திருகலாம்.

பொறிக்காரன்:
வடை பெரிய எலிக்குச் சரி. சுண்டெலி ஒரு இடத்துல உக்காந்து சாப்பிடாது, ராத்திரி முழுக்க இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு கொறிக்கும். வடையோட ஓரத்தைக் கொறிச்சுட்டுப் பொறி விழாமலே போயிடும். வறுத்த வேர்க்கடலையை வெல்லத்தோட அரைச்சு, பட்டாணி அளவு மட்டும் ஒட்டுங்க. நக்கி எடுக்கணும்னா அது அழுத்தியே ஆகணும். பொறி சுவருக்குச் செங்குத்தா, இரை இருக்கிற முனை சுவரைத் தொடணும். அலமாரிக்குள்ள 3 வைங்க, கதவைப் பூட்டிடுங்க. பசை அட்டையில தூசி படிஞ்சா பிடிக்காது, பல்லிதான் மாட்டும்.

எலி பேஸ்ட்டைக் கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீங்க. அதுல இருக்கிற மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைத் தின்னுடும், அதுக்குன்னு முறிமருந்து கிடையாது.

ஒரு எலி மாட்டினதும் பொறியை எடுத்துடாதீங்க. சினை சுமார் 3 வாரம்தான், ஒரு ஈத்துக்கு 5–8 குட்டி. கோலமாவுல தொடர்ந்து ஒரு வாரம் தடம் விழாம இருந்தாத்தான் கணக்கை முடிக்கலாம்.

புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீங்க, தூள் மூக்குக்குள்ள போகும். கையுறை, மாஸ்க் போட்டு, 1 பங்கு பிளீச் 9 பங்கு தண்ணி கலந்து தெளிச்சு, 5 நிமிஷம் ஊறவிட்டுத் துணியால ஒத்தி எடுங்க. புதினா பஞ்சு இன்னும் மிச்சம் இருந்தா, அடைச்ச ஓட்டைப் பக்கம் வைங்க.