வெதுவெதுப்பான கீரை சாலட்: புளிப்பை அடுப்பிலேயே ஊற்றலாமா?

தேக்கா அன்பன்:
வெதுவெதுப்பான கீரை சாலட்டுக்கு வாணலி அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் கிளற வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதோடு நில்லாமல், அப்படிச் செய்யாதவர்களுக்குக் கீரையின் அருமை தெரியாது என்றும் சொல்லியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய இளம் பாயம் கீரையை மண் போக மூன்று தண்ணீரில் அலசி, துணியில் விரித்து ஈரம் போக்கி, காய்ந்த எண்ணெயில் போட்டுப் புரட்டி, இலையின் ஓரம் சுருண்டும் காம்பு நறுக்கென்று கடிபடும் பதத்தில் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். மூன்று பங்கு நல்லெண்ணெய், ஒரு பங்கு லிமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சையின் சாறு, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, சீவிய குலா மலாக்கா என்னும் பனைவெல்லம் சிறிது, உப்பு ஆகியவற்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குலுக்கினால், எண்ணெயும் சாறும் சட்டென்று பிரியாதபடி கடுகு பிடித்துக்கொள்ளும். கீரையை இறக்கிய பிறகே அதை ஊற்ற வேண்டும். அடுப்பிலேயே ஊற்றினால் பச்சை நிறம் செத்துவிடும்.

பிடோக் செல்வி:
அந்த ஒருவர் நான்தான். என் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். எண்ணெய் பூசிய இலையின் மேல் ஆறிய சாற்றை ஊற்றினால் அது வழுக்கித் தட்டின் அடியில் தேங்கிவிடும். முதல் வாய் சப்பென்றும் கடைசி வாய் பல் கூசும்படியும் இருக்கும். வாணலியின் சூட்டில் ஊற்றினால்தான் சாறு இலையில் ஊறும். இரண்டு நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும் எங்கள் வீட்டில் நிறம் மாறி நான் பார்த்ததில்லை.

தேக்கா அன்பன்:
நீங்கள் பார்க்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது வெளியேறி, இலை மங்கிப் பழுப்பேறும். என் மகள் வேலை முடிந்து இரவு 8 மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள். அவளுக்கு எடுத்து வைக்கும் பங்கு பழுப்பாக இருந்தால் அவள் அதைத் தொடவே மாட்டாள். இறக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

புதிய உறுப்பினர்:
மன்னிக்கவும். கீரையை எண்ணெயில் வதக்கிவிட்டால் அது பொரியலா, சாலட்டா?

ஈசூன் மருமகன்:
இருவருமே அடிப்படையில் தவறு செய்கிறீர்கள். மேல்நாட்டார் இந்த சாலட்டுக்குப் பயன்படுத்துவது ஸ்பினச். நம் சந்தையில் பாயம் என்று விற்பது தண்டுக்கீரை இனம். ஸ்பினச்சைப் பசலை என்று எழுதுபவர்களும் இங்கே இருக்கிறார்கள்; பசலை கொடியில் படர்வது, கொழகொழப்பானது. கீரையின் பெயரையே சரியாகச் சொல்லாமல் சாற்றைப் பற்றிப் பேசி என்ன பயன்?

தேக்கா அன்பன்:
தம்பி, நான் பாயம் என்றுதான் எழுதினேன். பசலை என்று எங்கேயும் எழுதவில்லை. எந்தக் கீரையாக இருந்தாலும் பச்சையம் ஒன்றுதான். தண்டு தடித்த சீனக் கீரையான கைலானாக இருந்தாலும் இறக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

பிடோக் செல்வி:
கைலானின் தண்டுக்கு அடுப்புச் சூட்டிலேயே புளிப்பு ஏறினால்தான் உண்டு. அதை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். சென்ற மாதம் ரசத்துக்குப் பெருங்காயத்தை எப்போது போடுவது என்ற பேச்சிலும் ஐயா இப்படித்தான் எட்டு முறை ஒரே வரியை எழுதி, மற்றவர்களை வாய் திறக்கவிடாமல் செய்தார். அன்று நான் அமைதியாக இருந்தேன். இன்று இருக்க மாட்டேன்.

தேக்கா அன்பன்:
ரசத்தை இங்கே இழுக்க வேண்டாம். அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. சாறு வழுக்குகிறது என்றால் கீரையின் ஈரத்தை நீங்கள் சரியாகத் துடைக்கவில்லை, அல்லது புட்டியைப் போதுமான அளவு குலுக்கவில்லை. உலர்ந்த இலை, கடுகு பிடித்த சாறு, கைச்சூட்டைவிடச் சற்றே கூடிய வெதுவெதுப்பு ஆகிய மூன்றும் அமைந்தால் ஒரு சொட்டுகூடத் தட்டில் தேங்காது. அரைத்த கடுகின் நெடியும் வாணலிச் சூட்டில் பறந்துவிடும். பிறகு அதை எதற்காக அரைத்தோம்?

ஈசூன் மருமகன்:
தண்டுக்கீரையா, ஸ்பினச்சா என்பதற்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை.

பிடோக் செல்வி:
இன்றிரவும் வாணலியிலேயே ஊற்றினேன், ஐயா. பச்சையாகத்தான் இருந்தது.