போரில் போன ஆண்டுகளைக் கூட்டிக் கணக்கிடலாமா? (பாப் ஃபெல்லர்)

கேள்வி (திருவல்லிக்கேணி வாசகர்):
சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு அண்மைக்காலமாகப் பேஸ்பால் வரலாற்றில் ஈடுபாடு வந்திருக்கிறது. கிளீவ்லேண்ட் இந்தியன்ஸ் அணியின் வேகப்பந்து வீச்சாளர் பாப் ஃபெல்லர், 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட உடனேயே கடற்படையில் சேர்ந்துவிட்டார். தந்தை கடுமையாக நோயுற்றிருந்ததால் விலக்கு பெற்றிருக்கலாம், ஆனாலும் போனார். அப்போது வயது 23, வீச்சாளரான அவர் கணக்கில் எழுதப்பட்ட ஆட்ட வெற்றிகள் 107. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மட்டும் 24, 27, 25. 1945 ஆகஸ்டில்தான் மீண்டும் களமிறங்கினார். ஓய்வு பெற்றபோது மொத்தம் 266. இழந்த ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 25 வீதம் கூட்டினால் 360 தேறும் என்கிறார் என் அலுவலக நண்பர். இந்தக் கணக்கு செல்லுமா?

பதில் 1 (பெரம்பூர் வாசகர்):
செல்லாது, ஐயா. வெற்றிகளை விட்டுவிட்டு, அவர் வீசிய இன்னிங்ஸைப் பாருங்கள் (பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸ் வீசுவது என்றால் எதிரணியின் மூன்று பேர் ஆட்டமிழக்கும் வரை வீசுவது). 1941-இல் 343. போருக்குப் பின் முழுமையாக ஆடிய முதல் ஆண்டான 1946-இல் 371; அதில் 36 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் இறுதி வரை அவரே வீசி முடித்தார், ஸ்ட்ரைக் அவுட்டுகள் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் மட்டையாளரை வீழ்த்துவது) 348. மறு ஆண்டே ஸ்ட்ரைக் அவுட்டுகள் 196 ஆகச் சரிந்தன. சித்திரை வெயிலில் ஒரே வேகப்பந்து வீச்சாளரை நாள் முழுக்க வீசவைக்கும் லீக் கேப்டன்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் அந்த ஆண்டுகளையும் அதே சுமையோடு வீசியிருந்தால் 1946 என்றொரு ஆண்டு வாய்த்திருக்குமா என்பதே ஐயம்.

பதில் 2 (மயிலாப்பூர் வாசகர்):
தோள்பட்டைக்கு ஓய்வு கிடைத்தது போல எழுதுகிறீர்கள். அவர் இருந்தது 'அலபாமா' போர்க்கப்பலில், 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழு ஒன்றின் தலைவராக. வட அட்லாண்டிக், பிறகு பசிபிக், 1944 ஜூனில் பிலிப்பைன் கடற்போர் வரை. இடையிடையே கப்பல் தளத்திலேயே ஓடியும் பந்தை எறிந்தும் பயிற்சி செய்திருக்கிறார். 1945-இல் கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சித் தளத்தின் அணியை நடத்தி, அதற்காக வீசவும் செய்தார். ஆகஸ்ட் 24 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிராகத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்ததற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. 23 முதல் 26 வரையிலான வயது வேகப்பந்து வீச்சாளருக்குப் பொற்காலம். அது போனது போனதுதான்.

பதில் 3 (அடையாறு வாசகர்):
இன்னொரு பேஸ்பால் பந்து வீச்சாளரான வாரன் ஸ்பானையும் இங்கே நினைக்க வேண்டும். தரைப்படையில் பணியாற்றிவிட்டு 25 வயதில் திரும்பும் வரை அவருக்கு ஒரு வெற்றிகூட இல்லை. பிறகு வென்றவை 363. ஆகவே வெற்றிகளைப் பொறுத்தமட்டில் பெரம்பூர் நண்பரின் பக்கமே நிற்கிறேன். ஸ்ட்ரைக் அவுட் கணக்கு வேறு. ஃபெல்லரின் மொத்தம் 2,581. போருக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் 240-க்குக் குறையவில்லை. பாதித் திறனோடு வீசியிருந்தாலும் 3,000-ஐத் தாண்டியிருப்பார். அன்றைக்கு அதைத் தாண்டியிருந்தவர் முந்தைய தலைமுறை வீச்சாளரான வால்டர் ஜான்சன் ஒருவரே.