66 மஸ்டாங்: எஞ்சின் எதுவென்று தெரிந்த பிறகுதான் பிரேக்

என்னிடம் இருப்பது 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே. மிச்சிகனில் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் வாங்கினேன். விற்றவர் "ஒரிஜினல் 289 வி8" என்றார், அதாவது ஆலையில் வைத்த 289 கன அங்குல, எட்டு சிலிண்டர் எஞ்சின். ஏர் ஃபில்டர் மூடியிலும் 289 ஸ்டிக்கர் பளபளத்தது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். முன்னால் டிஸ்க் பிரேக் போடும் எண்ணம் இருந்தது. ஆலையில் வைத்த எஞ்சினைப் பொறுத்து பிரேக் சாமான் மாறும் என்பதால், ஆர்டர் செய்வதற்கு முன்பே எஞ்சினைச் சரிபார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் சேசிஸ் நம்பர். பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கத்து உள் ஃபெண்டரின் மேல் விளிம்பில் அடித்திருக்கும். கதவில் உள்ள தகட்டிலும் இருக்கும், ஆனால் கதவையே மாற்றியிருக்க வாய்ப்புண்டு. என் காரில் 6எஃப்07டி என்று தொடங்கியது. 6 என்பது 1966, எஃப் என்பது டியர்பார்ன் ஆலை, 07 கூப்பே. ஐந்தாவதாக வருவதுதான் எஞ்சின் எழுத்து. சி என்றால் இரண்டு பேரல் (காற்றுத் துளை) கார்புரேட்டர் வைத்த 289, ஏ என்றால் நான்கு பேரல், கே என்றால் எல்லோரும் தேடி அலையும் 271 குதிரைத்திறன் 289. என்னுடையது டி, அதாவது 200 கன அங்குல ஆறு சிலிண்டர். ஆக, இந்தக் கார் ஆலையை விட்டு வெளியே வந்தபோது அதில் வி8 இல்லவே இல்லை.

சக்கரத்தைப் பார்த்தேன், நான்கு நட்டு. அந்த வருட வி8 மஸ்டாங் எல்லாம் ஐந்து நட்டு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சரி, இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கும் வி8 எது? ஃபோர்டின் இன்னொரு வி8-ஆன 302-ம் 289-ம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம். ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் நகரும் தூரம்) வேறு, 289-க்கு 2.87 அங்குலம், 302-க்கு 3 அங்குலம். சிலிண்டர்கள் எரியும் வரிசையான ஃபயரிங் ஆர்டரும் இரண்டுக்கும் 1-5-4-2-6-3-7-8 என்பதால் பிளக் வயரைப் பின்தொடர்ந்தும் பலனில்லை. பிளாக்கை வார்க்கும்போதே பதித்த வார்ப்பு எண்ணைத்தான் தேட வேண்டும். அது பயணி பக்கம், பிளாக்கின் பின்பகுதியில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே ஒளிந்திருக்கும். ஸ்டார்ட்டரைக் கழற்றி, கெட்டிப்பட்ட கிரீஸை வயர் பிரஷ்ஷால் சுரண்டி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நிழல் விழுந்ததும் எழுத்துகள் எழுந்து நின்றன: சி8ஓஈ-6015. சி என்பது அறுபதுகள், 8 என்பது 1968. 302 எஞ்சின் வந்ததே 1968 மாடலில்தான். யாரோ பின்னாளில் 302-ஐத் தூக்கி இதில் வைத்திருக்கிறார்கள்.

எஞ்சின் நல்ல எஞ்சின்தான், அதில் எனக்குக் குறையில்லை. என்னைக் கவலைப்பட வைத்தது மற்றதெல்லாம். எஞ்சினை மாற்றியவர் பிரேக்கைத் தொடவே இல்லை. நான்கு சக்கரத்திலும் ஆறு சிலிண்டர் காருக்கான 9 அங்குல டிரம், வி8 காருக்கு ஆலையிலேயே 10 அங்குலம் கொடுத்தார்கள். பின் ஆக்சிலும் மெலிந்த 7.25 அங்குல ரகம். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எங்காவது ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பனிக்காக உப்புத் தூவும் மிச்சிகன் சாலையில் ஓடித் துருப்பிடிக்கக்கூடிய இரும்புக் குழாயை நம்பி நான் என் பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைக்க மாட்டேன்.

கேட்லாக்கைப் பார்த்து "289 மஸ்டாங்" என்று டிஸ்க் கிட் வாங்கியிருந்தால் ஸ்டியரிங் பக்கம் பொருந்தியிருக்காது. ஆறு சிலிண்டர் காரின் ஸ்பிண்டில் (முன் சக்கரம் சுழலும் அச்சு), ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட், சென்டர் லிங்க் எல்லாமே வேறு. அதனால் முன்பக்கம் முழுவதையும் வி8 சாமானாக மாற்றினேன்: ஐந்து நட்டு ஸ்பிண்டில், தடித்த டை ராட், டிஸ்க்கைப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிபர். பின்னால் 8 அங்குல ஆக்சிலும் 10 அங்குல டிரம்மும். டிரம் காலத்து 14 அங்குல ஸ்டீல் வீல் காலிபரில் இடிக்கும் என்பதால் 15 அங்குலத்துக்குப் போனேன். குழாய் அத்தனையும் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல்.

மாஸ்டர் சிலிண்டரை இரட்டை அறையாக மாற்றினேன். ஃபோர்டே 1967-ல் இப்படித்தான் மாறியது. வாங்கும்போது டிஸ்க்-டிரம் ரகமா என்று பாருங்கள். குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும், டிரம்முக்கான ரெசிடுவல் வால்வு டிஸ்க் பக்கம் இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், வீல் சூடேறும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க, பின் குழாயில் திருகி அளவு மாற்றும் புரொப்போர்ஷனிங் வால்வு கட்டாயம் வேண்டும். பிரேக் குழாயில் ஏர் எடுத்து முடித்து, காலியான பார்க்கிங்கில் அழுத்திப் பார்த்தபோது பின் சக்கரம்தான் முதலில் கட்டியது (சுழலாமல் நின்றது), வால் பக்கம் ஒதுங்கியது. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முன் சக்கரம் முந்திக் கட்டும்வரை சரிசெய்தேன். இப்போது நேர்கோட்டில் நிற்கிறது.

டிஸ்க்குக்கு இப்போது பணம் இல்லை என்பவர்கள் டிரம்மை அப்படியே விட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டரை மட்டுமாவது இரட்டை அறையாக மாற்றுங்கள். செலவு குறைவு, முன் குழாய்க்கும் பின் குழாய்க்கும் தனித்தனி வழி கிடைத்துவிடும். அப்புறம், நான்கு நட்டு சக்கரத்தோடு வி8 ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால், பின் ஆக்சிலுக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.